முதலிடம் பிடித்தும் உதவித்தொகை இல்லை: ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண் கார்னீலியா சொராப்ஜியின் கதை

1887-ம் ஆண்டு. பம்பாய் மாகாணத்தின் பி.ஏ. தேர்வு முடிவுகள் வருகின்றன. பூனா டெக்கான் கல்லூரி மாணவர்களில் முதலிடம் ஒரு பெண்ணுக்கு. முதலிடம் பிடிப்பவருக்கு இங்கிலாந்து சென்று மேற்படிப்பு படிக்க அரசு உதவித்தொகை உண்டு. ஆனால், அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இல்லை. உதவித்தொகை ஆண்களுக்கானது, அவ்வளவுதான்.

அந்த மாணவியின் பெயர் கார்னீலியா சொராப்ஜி. அடுத்த 2 ஆண்டுகளில் அவர் வேறு வழியில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தார். அங்கே சட்டம் படித்த முதல் பெண் அவர்தான். ஆனால், எழுதித் தேர்ச்சி பெற்ற தேர்வுக்கான பட்டம் கையில் கிடைக்க 30 ஆண்டுகள் ஆனது. வழக்கறிஞராக நீதிமன்றப் படியேறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்தது.

பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிடும்னு நினைப்பது இன்றைக்கும் வழக்கம். கார்னீலியாவின் வாழ்க்கையில் ஆக்ஸ்ஃபோர்டு இடம் என்பது முதல் கதவு மட்டும்தான். அதன்பிறகு ஒவ்வொரு கதவையும் அவர் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருந்தது. யார் அவர்? எதற்காகச் சட்டம்தான் படிப்பேன் என்று நின்றார்? விரிவாகப் பார்ப்போம்.

எப்படிப்பட்ட குடும்பம்?

கார்னீலியா 1866 நவம்பர் 15-ல் நாசிக்கில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்செட்ஜி பார்சி சமூகத்தில் பிறந்து, இளம் வயதில் கிறிஸ்தவ மதத்துக்கு மாறி, மதபோதகர் ஆனவர். தாய் பிரான்சினாவைச் சிறுவயதில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி தத்தெடுத்து வளர்த்தனர். அந்த வளர்ப்புத் தாயான கார்னீலியா ஃபோர்டின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார் பிரான்சினா.

வீட்டில் நிறைய பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் அதிகம் என்று அந்த வீட்டில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. தாய் பூனாவில் பள்ளிகள் நடத்தினார். பெண்களும் படித்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது பெற்றோர் இருவரின் எண்ணம். கார்னீலியாவின் தங்கை ஆலிஸ் பிற்காலத்தில் மருத்துவரானார். இன்னொரு சகோதரி சூசி கல்விப் பணிக்குப் போனார்.

அப்போது பெண்கள் பட்டம் படிப்பதே புதுசு. இந்தியாவில் முதன்முதலில் 2 பெண்கள் பட்டம் பெற்றது 1883-ல். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் அந்தப் பட்டத்தைப் பெற்றார்கள். பம்பாய் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அதே காலகட்டத்தில்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி கார்னீலியா.

டெக்கான் கல்லூரியில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே மாணவி அவர். பாடம் கடினமாக இருந்ததைவிட வகுப்புக்குள் போவது கடினமாக இருந்தது. அவர் உள்ளே வரக் கூடாதென்று சில மாணவர்கள் கதவைச் சாத்திய நாட்களும் உண்டு. அந்தக் கல்லூரியிலிருந்துதான் முதல் வகுப்பில், முதலிடத்தில் தேறினார்.

சட்டம் என்ற ஆசை எங்கிருந்து வந்தது?

கார்னீலியா தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு சிறுவயது நிகழ்ச்சி இருக்கிறது. குஜராத் பக்கத்திலிருந்து ஒரு பணக்கார விதவை அவருடைய தாயிடம் உதவி கேட்டு வந்தார். சொத்து நிறைய இருந்தது. ஆனால், அதைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் அவரிடம் கையெழுத்து வாங்கி எல்லாவற்றையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்தப் பெண் பர்தா முறைக்குள் வாழ்ந்தவர். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆண்கள் முன் வரக் கூடாது. வக்கீல்களோ எல்லோருமே ஆண்கள். ஏமாற்றிய காரியஸ்தர் வழியாகத்தான் வக்கீலிடமே பேச முடியும் என்ற நிலை.

இப்படி வாழ்ந்த பெண்களுக்குச் சட்ட மொழியில் ‘பர்தாநஷீன்’ என்று பெயர். வட இந்தியாவில் இந்து, முஸ்லிம் இரு தரப்பிலும் வசதியான குடும்பங்களில் இந்த முறை இருந்தது. இவர்கள் ஏமாற்றப்படுவது நீதிமன்றங்களுக்கும் தெரியும். பர்தாநஷீன் பெண் கையெழுத்திட்ட பத்திரத்தை ஒருவர் கொண்டுவந்தால், அதில் உள்ளது அந்தப் பெண்ணுக்குப் புரிந்துதான் கையெழுத்திட்டார் என்று பத்திரத்தைக் கொண்டுவந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் அந்த அளவுக்குப் பாதுகாப்பு கொடுத்திருந்தது.

ஆனா, அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றம் வரைக்கும் போறது யார்? அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, பேசி, புரியவைத்து, அவருக்காக வாதாட ஒரு பெண் வக்கீல் வேண்டும். கார்னீலியாவின் லட்சியம் இதுதான். ரொம்பக் குறிப்பானது, ரொம்ப நடைமுறை சார்ந்தது.

உதவித்தொகை மறுக்கப்பட்டதும் என்ன செய்தார்?

உதவித்தொகை கைவிட்டுப் போனதும் கார்னீலியா ஒரு வேலையில் சேர்ந்தார். ஆமதாபாத்தில் உள்ள குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் தற்காலிகப் பணி. அது ஆண்கள் படித்த கல்லூரி. வகுப்புக்குள் விடாமல் கதவைச் சாத்திய மாணவர்களைப் பார்த்துவந்தவர், ஓராண்டுக்குள் ஆண் மாணவர்களுக்குப் பேராசிரியராக நின்றார். அன்றைய இந்தியாவில் அதுவே பெரிய செய்தி.

பலர் அதோடு நின்றிருப்பார்கள். கௌரவமான வேலை, சொந்தச் சம்பளம். கார்னீலியா நிற்கவில்லை. 1888-ல் தேசிய இந்தியச் சங்கம் என்ற அமைப்புக்கு உதவி கேட்டு எழுதினார். இந்தியர்களின் கல்வி, குறிப்பாகப் பெண் கல்விக்காக இங்கிலாந்தில் இயங்கிய சங்கம் அது. அதன் செயலாளர் அடிலெய்ட் மேனிங். கார்னீலியாவுக்காக அங்கே முன்நின்ற இன்னொருவர் மேரி ஹாப்ஹவுஸ். இவருடைய கணவர் ஆர்தர் ஹாப்ஹவுஸ் இந்திய அரசு நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த சட்ட அறிஞர்.

மேரி ஹாப்ஹவுஸ் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தகுதி இருந்தும் பெண் என்பதால் உதவித்தொகை இழந்த மாணவிக்கு நிதி திரட்டலாம் என்பதே அதன் சாரம். பணம் வந்தது. கொடுத்தவர்களில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒருவர். பின்னர் இந்திய தேசிய காங்கிரஸ் தலைவராக இருந்த வில்லியம் வெட்டர்பர்ன் இன்னொருவர். அரசு கொடுக்க மறுத்ததைத் தனிநபர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். 1889-ல் கார்னீலியா இங்கிலாந்து போய் இறங்கினார். வயது 22.

டாக்டரா? டீச்சரா? வக்கீலா?

இன்றைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எஸ்.ஓ.பி. எழுதுகிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கான பதில் அது. அப்போது அப்படி ஒரு படிவம் கிடையாது. ஆனால், அதே கேள்வியை கார்னீலியாவிடம் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்தியப் பெண் இங்கிலாந்து வந்தால் மருத்துவம் படிக்கலாம், அல்லது ஆசிரியை ஆகலாம். உதவி செய்தவர்கள் மனதில் இருந்ததும் பெரும்பாலும் இதுதான். அதற்குக் காரணம் இருந்தது. ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் மூலம் சிகிச்சை அளிக்க 1885-ல் டஃப்ரின் நிதியம் தொடங்கப்பட்டிருந்தது. ஆண் மருத்துவர் முன் வர முடியாத பெண்கள் நோயில் சாகிறார்கள், ஆகவே பெண் மருத்துவர் தேவை என்ற வாதம் எல்லோருக்கும் எளிதாகப் புரிந்தது.

கார்னீலியா சொன்னதும் ஏறத்தாழ அதே வாதம்தான். ஆண் மருத்துவரைப் பார்க்க முடியாத பெண், ஆண் வக்கீலை மட்டும் எப்படிப் பார்ப்பார்? உடம்புக்கு முடியாமல் போனால் பெண் டாக்டர் வேணும்னா, சொத்து பறிபோனால் பெண் வக்கீல் வேண்டாமா? ஆனால், மருத்துவத்துக்குத் தலையாட்டியவர்கள் சட்டம் என்றதும் தயங்கினார்கள். அன்று இங்கிலாந்திலேயே ஒரு பெண்கூட வக்கீலாக இல்லை. படித்து முடித்தாலும் தொழில் செய்ய முடியாத படிப்புக்கு எதற்குப் பணம் செலவழிப்பது என்பது நியாயமான சந்தேகம்தான்.

கார்னீலியா சேர்ந்தது சோமர்வில் ஹால். பெண்களுக்காக 1879-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட இடம் அது. ஆரம்பத்தில் இலக்கிய வகுப்புகளுக்குத்தான் போனார். சட்டம் என்ற ஆசையைக் கைவிடவில்லை. கொஞ்ச நாளில் ஆதரவு கிடைத்தது. பாலியோல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட், அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் மிகச் செல்வாக்கானவர். கார்னீலியாவின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு கடைசி வரை துணை நின்றார். படிப்பு சட்டத்துக்கு மாறியது.

ஆக்ஸ்ஃபோர்டு எப்படி இருந்தது?

அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்கலாம். சில தேர்வுகளை எழுதலாம். ஆனால், பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்கள் ஆக முடியாது. தேர்ச்சி பெற்றாலும் பட்டம் கிடையாது. ஆண்கள் கல்லூரியில் நடக்கும் விரிவுரைக்குப் போனால், கூடவே துணைக்கு ஒரு பெண் வந்து உட்கார வேண்டும் என்ற வழக்கம்கூட இருந்தது.

சட்டப் படிப்புக்கு நூலகம்தான் உயிர். ஆக்ஸ்ஃபோர்டில் சட்ட நூல்களுக்குப் பெயர்பெற்றது ஆல் சோல்ஸ் கல்லூரியின் காட்ரிங்டன் நூலகம். அதுவரை ஒரு பெண்கூட அங்கே வாசகராக அனுமதிக்கப்பட்டதில்லை. 1890-ல் அந்தக் கல்லூரித் தலைவரும் சட்ட அறிஞருமான வில்லியம் ஆன்சன், கார்னீலியாவை அழைத்து அனுமதி கொடுத்தார். அந்த நூலகத்தின் முதல் பெண் வாசகர் அவர். பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் சாதாரணர்கள் இல்லை. ஏ.வி.டைசி, ஃபிரெடரிக் பொல்லாக் போன்றவர்களின் நூல்களை இன்றைக்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கணும். கார்னீலியாவுக்குக் கிடைத்த அனுமதிகள் எல்லாமே தனி அனுமதிகள். நூலகம் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை, கார்னீலியாவுக்குத் திறக்கப்பட்டது. விதி அப்படியே இருந்தது. விதியை வைத்திருந்தவர்கள் இவர் ஒருவருக்காக அதைக் கொஞ்சம் விலக்கினார்கள். இதில் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நல்ல மனம் கொண்ட ஒரு பெரிய மனிதர் இருக்கும் இடத்தில் கதவு திறக்கும். அவர் இல்லாத இடத்தில் மூடியே இருக்கும்.

தேர்வு எழுதவே தனித் தீர்மானமா?

ஆமாம். கார்னீலியா எழுத விரும்பியது பி.சி.எல். தேர்வு. ஆக்ஸ்ஃபோர்டின் சட்ட மேற்படிப்புத் தேர்வு அது. அதுவரை எந்தப் பெண்ணும் அதை எழுதியதில்லை. எழுத விதியில் இடமும் இல்லை. ஆதரவாளர்கள் மனு கொடுத்தார்கள். கடைசியில் 1892-ல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் கார்னீலியாவுக்காகவே ஒரு தனித் தீர்மானம் போட்டு அனுமதித்தது.

அதிலும் இன்னொரு சிக்கல். ஆண்களோடு தேர்வுக்கூடத்தில் உட்கார வேண்டாம், சோமர்வில்லிலேயே தனியாக எழுதட்டும் என்றார்கள். கார்னீலியா ஏற்கவில்லை. தனியாக எழுதினால் அது வேறு தேர்வு, சலுகைத் தேர்வு என்று பின்னாளில் யாராவது சொல்லக்கூடும் இல்லையா? கடைசி நேரத்தில் அனுமதி வந்தது. ஆண்களோடு அதே கூடத்தில் எழுதினார்.

முடிவு? மூன்றாம் வகுப்பு. கார்னீலியாவுக்குப் பெரிய ஏமாற்றம். பூனாவில் முதலிடம் பிடித்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் மூன்றாம் வகுப்பில் தேறினார். அவர் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டத் தேவையில்லை. முழு நேரச் சட்டப் படிப்பைத் தாமதமாகத் தொடங்கியவர் அவர். தேர்வு எழுத முடியுமா என்பதே கடைசி வரை தெரியாமல் படித்தவர். தேறினார் என்பதுதான் முக்கியம். ஏனென்றால், அவர் அடுத்து செய்ய நினைத்த வேலைக்கு வகுப்பு தேவையில்லை, சட்ட அறிவுதான் தேவை.

தேறியும் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கமே ஆக்ஸ்ஃபோர்டில் இல்லாததால், தேர்ச்சியோடு மட்டும் வெளியே வந்தார். பிறகு லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் கொஞ்ச காலம் பயிற்சி பெற்றுவிட்டு இந்தியா திரும்பினார்.

ஊருக்கு வந்ததும் என்ன ஆச்சு?

1894 முதல் கத்தியவார், இந்தூர் பகுதிச் சமஸ்தானங்களில் பர்தாநஷீன் பெண்களுக்காக வேலை செய்யத் தொடங்கினார். அந்தப் பெண்களின் சார்பில் பிரிட்டிஷ் ஏஜெண்டுகளிடம் மனு கொடுத்துப் பேச அவருக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. மறுபடியும் தனி அனுமதி! நீதிமன்றத்தில் வாதாட மட்டும் முடியாது. அதற்கு வக்கீல் என்ற அங்கீகாரம் வேண்டும்.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றை அவரே சுவையாக எழுதியிருக்கிறார். ஒரு சமஸ்தானத்தில் யானை ஒன்றுக்கு உரிய தோப்பின் பலன் மறுக்கப்படுகிறது என்று வழக்கு. யானைக்கு வக்கீல் கார்னீலியா. நீதிபதி அந்த ஊர் ராஜா. கார்னீலியா வாதத்தைத் தொடங்கும் முன்பே ராஜா தீர்ப்பு சொல்லிவிட்டார். வழக்கில் கார்னீலியாவுக்கு வெற்றி. காரணம், ராஜாவின் நாய்க்கு அவரைப் பிடித்துப் போனது! சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பு இல்லை. படித்த சட்டத்துக்கு மதிப்பே இல்லாத இடத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான்.

அங்கீகாரம் இல்லாமல் வேலைக்கு ஆகாது என்று முடிவு செய்தார். 1897-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தேர்வை எழுதினார். 1899-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்வையும் எழுதித் தேறினார். கையில் இப்போது 3 சட்டத் தேர்வுகளின் தேர்ச்சி. ஆனாலும் வக்கீலாகப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். காரணம் பழையதுதான்.

‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ வேலை என்ன?

நீதிமன்றக் கதவு திறக்காது என்றானதும் கார்னீலியா வேறு பக்கம் திரும்பினார். ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தாலோ, சொத்து விதவையின் கைக்கு வந்தாலோ, அந்த ஜமீனை அரசு எடுத்து நிர்வகிக்கும். அந்த அமைப்புதான் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமில்லை. பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது ராமநாதபுரம் ஜமீன் இதன் நிர்வாகத்தில்தான் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஜமீன்களின் அந்தப்புரத்துக்குள் எந்த அதிகாரியும் போக முடியாது. உள்ளே இருக்கும் விதவைக்கு என்ன வேண்டும், வாரிசுக் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. இதற்கு ஒரு பெண் சட்ட ஆலோசகர் தேவை என்று 1902 முதல் லண்டனில் உள்ள இந்திய அலுவலகத்துக்கு கார்னீலியா மனு போட்டுக்கொண்டே இருந்தார். 1904-ல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் பெண் உதவியாளர் பதவி உருவாக்கப்பட்டு, அவரே நியமிக்கப்பட்டார். 1907-க்குள் வேலை வங்காளம், பிஹார், ஒரிசா, அசாம் என்று விரிந்தது.

ரயில், பல்லக்கு, படகு, யானை என்று கிடைத்ததில் ஏறிப் போனார். சொத்துக் கணக்கைச் சரிபார்த்தார். பாகப் பிரச்சினையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே உட்கார்ந்து பேசினார். குழந்தைகளின் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் சட்ட உதவி செய்திருக்கிறார். சிலருக்குக் கட்டணமே வாங்கவில்லை. அம்மாவைத் தேடி வந்த அந்த குஜராத்தி விதவைக்குக் கிடைக்காத உதவி, இத்தனை பேருக்குக் கிடைத்தது. 1909-ல் அரசு அவருக்கு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. வக்கீல் பதிவை மட்டும் கொடுக்கவில்லை.

சட்டத்தில் ‘நபர்’ என்றால் யார்?

இந்தியாவில் யார் வக்கீல் ஆகலாம் என்பதை 1879-ம் ஆண்டின் சட்டத் தொழில் செய்வோர் சட்டம் சொன்னது. அதில் ‘நபர்’ என்றுதான் இருந்தது. ‘ஆண்’ என்று இல்லை. அப்படின்னா பெண்ணும் நபர்தானே?

1916-ல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி இதே கேள்வியோடு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 5 நீதிபதிகள் விசாரித்தார்கள். சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் பெண்ணையும் குறிக்கும் என்ற பொது விதி சுட்டிக்காட்டப்பட்டது. நீதிபதிகள் ஏற்கவில்லை. இதுவரை ஆண்களே செய்துவந்த தொழில், பெண்களைச் சேர்க்கும் எண்ணம் சட்டத்துக்கு இருந்ததில்லை என்று சொல்லி மறுத்தார்கள். 1921-ல் பாட்னா உயர் நீதிமன்றத்தில் சுதாம்சு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

ஆனால், அதே 1921-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறு முடிவு எடுத்தது. கார்னீலியாவை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது. அவர் அங்கே தேர்வு எழுதித் தேறி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நீதிமன்றங்கள் ஒரு மாதிரி, ஒரு நீதிமன்றம் வேறு மாதிரி என்ற குழப்பத்துக்கு 1923-ல் முடிவு வந்தது. பெண் என்பதால் மட்டும் யாரையும் சட்டத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இந்த முறை அனுமதி ஒருவருக்கு மட்டும் இல்லை, எல்லாப் பெண்களுக்கும்.

30 ஆண்டுகள் கழித்துப் பட்டம்

இங்கிலாந்திலும் காலம் மாறியிருந்தது. 1919-ல் வந்த சட்டம் அங்கே பெண்களுக்குச் சட்டத் தொழிலைத் திறந்தது. 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. 1892-ல் தேறிய பி.சி.எல். பட்டத்தை கார்னீலியா 1922-ல் போய் வாங்கினார். 25 வயதில் எழுதிய தேர்வுக்கு 55 வயதில் பட்டம். அடுத்த ஆண்டு லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1924-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

கதை இங்கே சுபமாக முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. வக்கீல் என்ற பெயர் வந்தும் கல்கத்தாவில் வழக்குகள் வரவில்லை. பெரும்பாலும் எழுத்துப்பூர்வமாகச் சட்டக் கருத்து தயாரிக்கும் வேலைதான் வந்தது. எழுந்து நின்று வாதாடும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. 1929-ல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார். 1954 ஜூலை 6-ல் அங்கேயே 87 வயதில் காலமானார்.

ஏன் அவரை மறந்துபோனோம்?

இதற்கு அவருடைய அரசியலும் ஒரு காரணம். கார்னீலியா பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தவர். காந்தியின் இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1927-ல் காதரின் மேயோ எழுதிய ‘மதர் இந்தியா’ நூல் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியபோது, அதற்கு ஆதரவாக நின்றார். சமூக சீர்திருத்தத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்த இந்தியப் பெண்களே விலகிப் போனார்கள். விடுதலை பெற்ற இந்தியா அவரைக் கொண்டாட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இந்த நிலைப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு திறப்பும் செல்வாக்குள்ள ஆங்கிலேயர்களின் நல்லெண்ணத்தால் வந்தது. படிப்படியாகத்தான் மாற்றம் வரும் என்று அவர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், அவருக்கு உதவித்தொகையை மறுத்ததும், 20 ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் பதிவை மறுத்ததும் அதே ஆட்சிதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் அவர் மீது மறுபடி வெளிச்சம் விழுந்திருக்கிறது. அவருடைய சகோதரர் மகனும் தத்துவ அறிஞருமான ரிச்சர்ட் சொராப்ஜி 2010-ல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2012-ல் லிங்கன்ஸ் இன்னில் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. 2017 நவம்பர் 15-ல் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது.

சோமர்வில் கல்லூரியில் இப்போது இந்திய மாணவர்கள் சட்ட மேற்படிப்பு படிக்க ஓர் உதவித்தொகை இருக்கிறது. அது கார்னீலியா சொராப்ஜியின் பெயரில் வழங்கப்படுகிறது. ஆண், பெண் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.